எஸ்பிஎஸ்எஸ்/பிசி+ காலத்து டிஸ்கெட்டை ஆர் வரை கொண்டு வருவது எப்படி

அலமாரியைச் சுத்தம் செய்யும்போது “சர்வே” என்று பேனாவால் எழுதிய டிஸ்கெட்டுகள் கிடைத்து, அதற்குள் இருக்கும் கோப்பின் பெயர் .சிஸ் என்று முடிந்தால், அது எஸ்பிஎஸ்எஸ்/பிசி+ என்ற புள்ளியியல் நிரலில் செய்ததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஐபிஎம் கணினிகளுக்காக 1984இல் வந்த டாஸ் நிரல் அது. 90களில் விண்டோஸ் பதிப்பு பரவியதும் வழக்கொழிந்து போனது. இன்று அந்தக் கோப்பைச் சொடுக்கினால் விண்டோஸ் அதைத் தன்னுடைய டிரைவர் கோப்பு என்று நினைத்துக்கொண்டு கை வைக்காதே என்று சொல்லும். பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் எண்களை வெளியே எடுப்பது சுலபம். ஒவ்வொரு எண்ணுக்கும் என்ன பொருள் என்பதைக் கூடவே எடுத்து வருவதுதான் கஷ்டம். இந்தக் குறிப்பில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

நான் மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் இருந்துகொண்டு ஆய்வு மாணவர்களுக்கும் சின்ன அமைப்புகளுக்கும் தரவு வேலை செய்து தருகிறேன். இங்கே வரும் உதாரணங்களில் முக்கால்வாசி அண்மையில் முடித்த ஒரு வேலையிலிருந்து எடுத்தவை. கெலுகோரில் இருக்கும் ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவர், 90களின் தொடக்கத்தில் செபராங் பிறைத் தோட்டங்களில் லயம் லயமாக, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள் ஒவ்வொன்றாகப் போய் எடுத்த குடும்பக் கணக்கெடுப்பு அது. நான் அவரை சார் என்று கூப்பிடுவேன். ஒரு மாணவிக்கு அந்தக் கணக்கை இன்றைய நிலவரத்தோடு ஒப்பிட வேண்டியிருந்தது. சார் போன தோட்டங்களில் சில இப்போது தாமான்களாக, அதாவது வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்கே இருந்த குடும்பங்கள் எங்கெங்கேயோ போய்விட்டன. மறுபடி போய்க் கேட்க ஆள் இல்லை, கோப்புதான் மிச்சம்.

டிஸ்கெட்டிலிருந்து எடுப்பது

மூன்றரை அங்குல டிஸ்கெட் என்றால் ஒரு யூஎஸ்பி டிரைவ் போதும். இணையக் கடைகளில் கிடைக்கிறது. கோலாலம்பூரில் இருப்பவர்கள் லோ யாட் பிளாசாவில் கேட்டுப் பார்க்கலாம். ஐந்தேகால் அங்குலம் என்றால் வேறு கதை. அதற்குப் பழைய டிரைவ் ஒன்றைத் தேடிப் பிடித்து, கிரீஸ்வீசல் போன்ற ஒரு சிறு பலகை வழியாகக் கணினியோடு இணைக்க வேண்டும். நான் அதில் இறங்குவதில்லை. அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவேன்.

நம் ஊர் ஈரப்பதத்தில் டிஸ்கெட்டுக்கு முதல் எதிரி பூஞ்சை. உலோக மூடியை விரலால் நகர்த்தி, உள்ளே தெரியும் வட்டை மெல்லச் சுற்றி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாகப் பொட்டுப் பொட்டாக ஏதாவது தெரிந்தால் அதை டிரைவில் போடாதீர்கள். பூஞ்சை டிரைவின் தலையில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல டிஸ்கெட்டையும் கெடுத்துவிடும். சுத்தமானவற்றை முதலில் முடியுங்கள், சந்தேகமானவை கடைசியில். மூலையில் இருக்கும் பிளாஸ்டிக் தாழைத் துளை தெரியும்படி நகர்த்தி வைத்தால் அந்த டிஸ்கெட்டில் எதுவும் எழுத முடியாது, படிக்க மட்டுமே முடியும். விண்டோஸ் “ஃபார்மட் செய்யவா” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டிஸ்கெட்டை எடுத்து ஓரமாக வையுங்கள்.

கோப்புகளை ஒவ்வொன்றாக நகலெடுக்காமல், டிஸ்கெட் முழுவதையும் ஒரே பிம்பக் கோப்பாக எடுப்பது என் பழக்கம். லினக்ஸில் டிடி-ரெஸ்க்யூ இதை நன்றாகச் செய்யும். படிக்க முடியாத இடத்தில் நின்றுவிடாமல் தாண்டிப் போய், மற்றதை எடுத்துவிட்டு, பிறகு அந்த இடத்துக்குத் திரும்ப வரும். ஒரு டிஸ்கெட்டுக்கு 1.44 மெகாபைட்தானே, இடம் ஒரு பிரச்சினையே இல்லை. பிம்பமாக எடுப்பதில் இன்னொரு லாபம் உண்டு: எப்போதோ அழித்த கோப்புகளும் பல சமயம் அதற்குள் கிடக்கும். மீட்பு நிரல் ஒன்றை ஓட்டினால் சில திரும்ப வரும்.

டிஸ்கெட்டில் இருக்கும் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். .சிஸ் கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் குப்பை என்று விட்டுவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எஸ்பிஎஸ்எஸ்/பிசி+ தன்பாட்டுக்கு இரண்டு கோப்புகளை எழுதிக்கொண்டே இருக்கும். அட்டவணைகளும் முடிவுகளும் எஸ்பிஎஸ்எஸ்.லிஸ் கோப்பில் போகும். நீங்கள் கொடுத்த கட்டளைகள் எஸ்பிஎஸ்எஸ்.லாக் கோப்பில் போகும். நிரலுக்குள் இருந்த எழுதுபலகையில் அடித்தது ஸ்க்ராட்ச்.பேட் என்ற கோப்பில் இருக்கும். தரவுக் கோப்புக்கு அடுத்தபடி எனக்குப் பிடித்தது லாக்தான். எந்த விடையை எதனோடு சேர்த்தார்கள், எந்தக் குடும்பத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டார்கள் என்பதெல்லாம் அதில் வரிவரியாக இருக்கும். பெயரை மாற்றி வைக்காவிட்டால் லிஸ், லாக் இரண்டையுமே அடுத்த முறை நிரலைத் திறக்கும்போது அது மேலெழுதிவிடும். அதனால் பொதுவாகக் கடைசி நாள் வேலை மட்டுமே மிஞ்சும். சார் கவனமானவர். லிஸ் கோப்புகளைப் பெயர் மாற்றிச் சேர்த்து வைத்திருந்தார்.

எடுத்த .சிஸ் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பப் போகிறீர்கள் என்றால், சில சேவைகள் அந்த வால் இருந்தாலே தடுத்துவிடும். பெயரின் முடிவை மாற்றி அனுப்புங்கள். உள்ளடக்கத்துக்கு எதுவும் ஆகாது.

எது என்ன கோப்பு

பெயரின் வாலை நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் ஆளாளுக்கு ஒரு வால் வைத்தார்கள். கோப்பில் இருப்பதை பைட் பைட்டாகக் காட்டும் ஒரு ஹெக்ஸ் பார்வை நிரலில் திறந்து முதல் சில வரிகளைப் பாருங்கள், அதுவே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். எஸ்பிஎஸ்எஸ்/பிசி+ கோப்பின் தலைப்பகுதியில் “பிசிஎஸ்பிஎஸ்எஸ் சிஸ்டம் ஃபைல்” என்ற ஆங்கில வாசகம் இருக்கும். டேட்டா என்ட்ரி 2 என்ற துணை நிரலில் பதிந்ததானால் அதன் பெயர் இருக்கும். டாலர் குறி, எஃப், எல், 2 என்று தொடங்கினால் அது .சாவ், பின்னால் வந்த எஸ்பிஎஸ்எஸ்ஸின் வழக்கமான கோப்பு. “ஆஸ்கி எஸ்பிஎஸ்எஸ் போர்ட் ஃபைல்” என்று தெரிந்தால் .போர், அதாவது ஒரு கணினியிலிருந்து வேறு வகைக் கணினிக்குக் கொண்டு போவதற்காக ஏற்றுமதி செய்தது. .போர் கோப்பைக் கண்ணால் பார்த்து எண்களைப் படித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதில் எண்களை 30ஐ அடியாகக் கொண்ட முறையில் எழுதியிருப்பார்கள்.

லிஸ் கோப்பை நோட்பேடில் திறந்தால் அட்டவணைக் கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு புள்ளி வைத்த ஏ எழுத்தும் மேலே தூக்கிய 3ம் வரிசையாக நிற்கும். கோப்பு கெட்டுப்போகவில்லை. டாஸ் காலத்து 437 குறிமுறையில் எழுதியது அது. குறிமுறையைத் தேர்ந்தெடுக்க வழியுள்ள ஓர் எழுத்துநிரலில் 437 என்று கொடுத்துத் திறந்தால் கோடுகள் கோடுகளாகவே தெரியும்.

இன்னொரு விஷயம் நம்மவர்களுக்கு மட்டும். திறந்த கேள்விகளுக்கு மக்கள் சொன்ன பதிலைத் தமிழில் அடித்து வைத்த கோப்புகள் தனியாக இருக்கலாம். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் அது. கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் அடித்ததா, டிஸ்கி குறிமுறையில் இருக்கிறதா, வேறு ஏதாவது எழுத்துருவா என்று முதலில் கண்டுபிடியுங்கள். அது தெரிந்துவிட்டால் யூனிகோடுக்கு மாற்ற மாற்றிகள் இருக்கின்றன. தெரியாமல் ஏதோ ஒரு மாற்றியில் போட்டால் பாதி எழுத்து சரியாக வரும், பாதி வராது. அந்தப் பாதிச் சரியை நம்பித்தான் ஏமாறுவோம்.

கோப்பைத் திறப்பதற்கு முன் ஆளோடு உட்காருங்கள்

கணக்கெடுப்பைச் செய்தவர் இருக்கிறாரா? இருந்தால் மென்பொருளைத் தேடுவதற்கு முன் அவரைப் போய்ப் பாருங்கள். குறியீட்டுப் புத்தகம், அதாவது எந்தக் கேள்வி எந்தப் பெயரில் இருக்கிறது, 1 என்றால் என்ன, 2 என்றால் என்ன என்று எழுதி வைத்த தாள், எங்கே இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். சார் வீட்டில் அது மாவு டப்பாக்களுக்குப் பின்னால் இருந்தது. அவருடைய மனைவிதான் எடுத்துக் கொடுத்தார்.

புத்தகம் கிடைத்தாலும் வேலை முடியாது. அது கணக்கெடுப்பு தொடங்கும் முன் எழுதியது. களத்தில் போன பிறகு மாறியது அதில் ஏறியிருக்காது. குடியிருப்பு பற்றிய கேள்விக்குப் புத்தகத்தில் 1 முதல் 3 வரைதான் இருந்தது: லயம், தனி வீடு, மற்றவை. சார் வைத்திருந்த ஓர் அச்சுத் தாளிலோ 4 என்றும் ஒரு வரி இருந்தது. கேட்டேன்.

“அது கோயில் நிலத்துல குடிசை போட்டு இருந்தவங்க மா. மற்றவைன்னு போட மனசு வரல. பசங்ககிட்ட 4 போடச் சொன்னேன்.”

இதை எந்த நிரலும் சொல்லாது. அதனால் அவரோடு உட்கார்ந்து, வினாத்தாளை முதல் கேள்வியிலிருந்து கடைசி வரை புரட்டி, ஒவ்வொன்றிலும் களத்தில் என்ன மாறியது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்வதும் நல்லது. பெரியவர்கள் கேள்வி 12ஐப் பற்றிப் பேசிக்கொண்டே கேள்வி 30க்குப் போய்விடுவார்கள். அப்போது நிறுத்தாதீர்கள், அங்கேதான் விஷயம் கிடைக்கும். நாம் எழுதிக்கொண்டதை ஒரு தாளில் அடித்து அவரிடம் காட்டி, சரியா என்று கேட்டுக் கையெழுத்தும் தேதியும் வாங்கிவிடுங்கள். பின்னால் ஆய்வேட்டில் “ஆய்வாளர் அளித்த விளக்கம்” என்று மாணவர் எழுதுவதற்கு அது உதவும்.

மாறிகளின், அதாவது ஒவ்வொரு கேள்வியின் பதிலும் பதிந்திருக்கும் பத்திகளின் பெயர்களையும் இந்த அமர்விலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அன்று ஒரு பெயருக்கு 8 எழுத்துதான் இடம். 2003இல் எஸ்பிஎஸ்எஸ் 12ஆம் பதிப்பு வரும்வரை அந்த வரம்பு இருந்தது. அந்த எட்டுக்குள் மலாயையும் ஆங்கிலத்தையும் கலந்து சுருக்கியிருப்பார்கள். “ஜும்லா அனாக்” என்பதை ஏழு எழுத்தில் அடக்கியதை நான் பார்த்ததும் புரிந்துகொண்டேன், பிள்ளைகளின் எண்ணிக்கை. ஆனால் பிறந்த பிள்ளைகளா, வீட்டில் இருக்கும் பிள்ளைகளா? அதை சார்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மாற்றுவது

இந்தப் பகுதி சீக்கிரம் முடிந்துவிடும். உங்களிடம் விண்டோஸில் ஓடும் எஸ்பிஎஸ்எஸ் இருந்தால், கோப்பைத் திறக்கும் பெட்டியில் கோப்பு வகையை எஸ்பிஎஸ்எஸ்/பிசி+ என்று மாற்றித் திறக்க முயலுங்கள். மேக் பதிப்பில் அந்த வசதி இல்லை. உரிமத்துக்குச் செலவழிக்க வெள்ளி இல்லாதவர்களுக்கு, என்னையும் சேர்த்துத்தான், பிஎஸ்பிபி இருக்கிறது. குனூ திட்டத்தின் இலவச நிரல், பழைய பிசி+ கோப்பைப் படிக்கத் தெரிந்தது. அதோடு பிஎஸ்பிபி-கன்வெர்ட் என்ற சிறு கருவி வரும். கட்டளை வரியில் அதன் பெயரை அடித்து, ஓர் இடைவெளி விட்டுப் பழைய கோப்பின் பெயர், இன்னோர் இடைவெளி விட்டுப் புதிய கோப்பின் பெயர். புதிய பெயர் .சாவ் என்று முடிந்தால் அதுவே புரிந்துகொண்டு அந்த வகையில் எழுதிக் கொடுக்கும்.

நேராக சிஎஸ்வி, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு, ஆக்கிவிடலாமே என்று தோன்றும். அதே கருவி சிஎஸ்வியும் எழுதும். ஆனால் நான் அப்படிச் செய்வதில்லை. சிஎஸ்வியில் எண்கள் மட்டும் வரும். மாறிக்கு எழுதிய விளக்கம், 1 என்றால் லயம் என்ற பெயர்ச்சீட்டு, எந்த எண் விடுபட்ட பதில் என்ற குறிப்பு எல்லாம் ஒரே கோப்பில் கூடவே போக இடமில்லை. .சாவ் கோப்பில் இவை எல்லாம் உள்ளேயே இருக்கும். முதலில் .சாவ், மற்றது பிறகு.

அப்புறம் ஆர், இலவசமாகக் கிடைக்கும் புள்ளியியல் நிரல்மொழி. அதில் ஹேவன் என்ற தொகுப்பை ஏற்றிக்கொண்டு ரீட்-சாவ் என்ற கட்டளையால் திறக்கலாம். நிரல் எழுதப் பிடிக்காதவர்கள் ஜமோவி என்ற புள்ளியியல் நிரலில் அதே .சாவ் கோப்பைத் திறக்கலாம். அதுவும் இலவசம்தான், எஸ்பிஎஸ்எஸ் பழகியவர்களுக்குக் கையும் சட்டென்று பழகிவிடும்.

9, 99, 0

பழைய தரவில் அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இதுதான். பதில் சொல்லாதவருக்கு 9 அல்லது 99 போடுவது அன்றைய வழக்கம். அந்த 99 விடுபட்ட பதில் என்று கோப்புக்குள் அறிவித்திருந்தால் நிரல் அதைக் கணக்கில் சேர்க்காது. அறிவிக்காமல் விட்டிருந்தால், வயது சொல்லாத பாட்டிகள் எல்லாருக்கும் 99 வயது ஆகிவிடும்.

ஹேவன் வழக்கமாகச் செய்வது, அறிவித்த விடுபட்ட எண்களை எல்லாம் வெற்றிடமாக மாற்றிவிடுவது. கேட்க நல்லதாக இருக்கிறது. ஆனால் “பதில் சொல்லவில்லை”, “தெரியாது” என்று பிரித்து வைத்த வித்தியாசமும் அதோடு போய்விடும். அதனால் முதல் தடவை திறக்கும்போது யூசர்-என்ஏ என்ற தேர்வை உண்மை என்று வைத்துத் திறந்து, மூல எண்களைப் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு மாறிக்கும் எந்தெந்த எண் எத்தனை தடவை வருகிறது என்று ஓர் அட்டவணை போட்டு, குறியீட்டுப் புத்தகத்தோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். புத்தகத்தில் இல்லாத எண் ஒன்று தலை நீட்டினால் பென்சிலால் வட்டம் போட்டு, கணக்கெடுத்தவரிடம் போங்கள்.

சாரின் கோப்பில் 9 மட்டும் அறிவித்திருந்தார்கள். 8 என்றால் “பொருந்தாது”: பள்ளிப் பிள்ளை இல்லாத வீட்டில் எந்தப் பள்ளி என்ற கேள்விக்கு 8. அதை அறிவிக்காமல், தேவைப்பட்டபோதெல்லாம் ப்ராசஸ் இஃப் என்ற கட்டளையால் அந்த வீடுகளை விலக்கிவிட்டுக் கணக்குப் போட்டிருந்தார்கள். அடுத்து வரும் ஒரே கணக்குக்கு மட்டும் செல்லும் வடிகட்டி அது. இன்று அதையே டெம்பரரி, செலக்ட் இஃப் என்று இரண்டு கட்டளைகளாக எழுதுகிறோம். லாக் கோப்பு இல்லாவிட்டால் எனக்கு இது தெரிந்தே இருக்காது. தமிழ்ப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எத்தனை விழுக்காடு என்று கேட்டால், பிள்ளையே இல்லாத வீடுகளையும் சேர்த்து வகுத்துச் சொல்லியிருப்பேன்.

0ஐயும் கவனியுங்கள். பிள்ளைகள் 0 என்றால் இல்லை என்று பொருள். வருமானம் 0 என்றால் சம்பளம் இல்லையா, கேட்கவில்லையா?

ஐசி எண், அஞ்சல் குறியீடு, தேதி

12 இலக்க அடையாள அட்டை எண், அதாவது ஐசி எண், 1990இல் வந்தது. அதற்கு முன் 7 இலக்கம். சார் கணக்கெடுத்த சமயம் மக்கள் இதிலிருந்து அதற்கு மாறிக்கொண்டிருந்தார்கள், அதனால் கோப்பில் இரண்டு வகையும் இருந்தது. புதிய எண்ணை 6, 2, 4 என்று மூன்று எண் பத்திகளாகப் பிரித்துப் பதிந்திருந்தார்கள். எண்ணாகப் பதிந்தால் முன்னால் இருக்கும் பூச்சியம் நிற்காது. பினாங்கில் பிறந்தவருக்கு நடுவில் வரும் 07, வெறும் 7 ஆகிவிடும். கடைசி நான்கு 0312 என்றால் 312 ஆகிவிடும். மூன்றையும் அப்படியே ஒட்டினால் 10 இலக்கத்தில் ஓர் எண் வரும், அது யாருடையதும் இல்லை. ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் 6, 2, 4 இலக்கம் வரும்வரை முன்னால் பூச்சியம் வைத்து நிரப்பி, எழுத்து வகையாக மாற்றிக்கொள்ளுங்கள்.

சரியாக ஒட்டிய ஐசி எண் ஒரு நல்ல சோதனைக் கருவி. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அதை வயதுப் பத்தியோடு ஒப்பிடலாம். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண், அதைப் பால் பத்தியோடு ஒப்பிடலாம். ஒத்துப்போகாதவை பெரும்பாலும் பதிவு செய்தபோது விரல் தவறியவை. சோதனை முடிந்ததும் எண்ணைத் தனிக் கோப்பில் பூட்டி வைத்துவிட்டு, ஆய்வுக் கோப்பில் வெறும் வரிசை எண் மட்டும் இருக்கட்டும். பிறந்த நாள், பிறந்த மாநிலம், ஆணா பெண்ணா எல்லாம் ஓர் எண்ணிலேயே தெரியும்போது அதை மாணவர்கள் கையில் சுற்றவிடக் கூடாது.

அஞ்சல் குறியீட்டிலும் இதே கதை. பினாங்குக்குள் மட்டும் வேலை என்றால் தெரியாது, எல்லாம் 1இல் தொடங்கும். கெடாவைத் தொட்டதும் சுங்கை பட்டாணியின் 08000 எண்ணாகி 8000 என்று நிற்கும், கூலிமின் 09000 வெறும் 9000.

இந்தக் கட்டத்தில் யாராவது “எக்செல்லில் திறந்து பார்த்துவிடலாமே” என்பார்கள். பார்ப்பதோடு நிறுத்தினால் சரி. 12 இலக்க எண்ணை எக்செல் 6.1, ஈ, கூட்டல் 11 என்ற பாணியில் சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வியாகச் சேமித்தால் திரையில் தெரியும் சுருக்கத்தையே எழுதிவைக்கும். மீதி இலக்கங்கள் போனது போனதுதான்.

தேதிக்கு ஒரே ஒரு குறிப்பு. எஸ்பிஎஸ்எஸ் தேதியை 1582 அக்டோபர் 14இலிருந்து எண்ணும் வினாடிகளாக வைத்திருக்கும். ஆர் 1970 ஜனவரி 1இலிருந்து நாள்களாக எண்ணும். ஹேவன் இதைத் தானே மாற்றிவிடும். ஆரின் பழைய ஃபாரின் தொகுப்பில் .சாவ் கோப்பைத் திறந்தால் மாற்றாது, 1991ஆம் ஆண்டுத் தேதி 1,288 கோடிக்குப் பக்கத்தில் ஓர் எண்ணாக நிற்கும். அப்படிப் பெரிய எண்ணைப் பார்த்தால் அது தேதியாக இருக்குமோ என்று சந்தேகப்படுங்கள்.

பழைய அட்டவணையோடு ஒப்பிடுவது

எல்லாம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? அன்றைய அட்டவணையை இன்று புதிதாகப் போட்டு, எண்ணுக்கு எண் பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் நான் நம்பும் ஒரே வழி. லிஸ் கோப்போ, ஓரத்தில் துளை போட்ட தாளில் அச்சடித்த பழைய கட்டோ, பிரசுரமான கட்டுரையோ ஏதாவது ஒன்று வேண்டும். சாரிடம் மூன்றுமே இருந்தது. எனக்கு இப்படி வாய்ப்பது அபூர்வம்.

முதலில் குடும்பங்களின் மொத்த எண்ணிக்கை. பிறகு ஒவ்வொரு மாறிக்கும் அலைவெண், அதாவது எந்த விடை எத்தனை தடவை என்ற கணக்கு. அட்டவணையில் “பெர்சென்ட்”, “வேலிட் பெர்சென்ட்” என்று இரண்டு பத்திகள் இருக்கும். முதலாவது எல்லாரையும் சேர்த்தது, இரண்டாவது விடுபட்டவர்களை விலக்கியது. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று தெளிவாக இருங்கள். எண் மாறிகளுக்குக் குறைந்தது, அதிகம், சராசரி, திட்ட விலக்கம். நான்கும் பொருந்தினால் அந்த மாறியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

பொருந்தாதபோதுதான் வேலை சுவாரசியமாகிறது. எனக்கு அதிகம் தட்டுப்பட்ட காரணம் எடையிடல். சில தோட்டங்களில் குறைவான வீடுகளை எடுத்திருந்தால் அதைச் சரிக்கட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எடை கொடுத்திருப்பார்கள். எந்த மாறி எடை என்பதையும் பிசி+ கோப்பு உள்ளேயே எழுதி வைத்திருக்கும். பிஎஸ்பிபி அதைப் பார்த்து, சொல்லாமலே எடை போட்டுக் கணக்கிடும். ஹேவன் வழியாக ஆருக்குள் வந்ததும் அந்தக் குறிப்பு தொலைந்துவிடும். எடை மாறி ஒரு சாதாரணப் பத்தியாக நிற்கும், கணக்கு எடையில்லாமல் நடக்கும். பிஎஸ்பிபியில் ஒரு விழுக்காடு, ஆரில் வேறு விழுக்காடு வந்தால் முதலில் எடையைச் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது காரணம், இரண்டு மாறிகளுக்குள் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனை. இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் ஆர் தானாகவே யேட்ஸ் திருத்தத்தைப் போட்டுவிடும். கட்டுரையில் இருப்பது அந்தத் திருத்தம் போடாத பியர்சன் மதிப்பு என்றால் இரண்டும் பொருந்தாது. தரவில் தவறு இல்லை. கரெக்ட் என்ற தேர்வைப் பொய் என்று வைத்தால் பழைய எண் வந்துவிடும்.

மூன்றாவது காரணத்துக்கு லாக் கோப்பு வேண்டும்: அட்டவணை போடுவதற்கு முன் விடைகளைச் சேர்த்து மறுகுறியிட்டிருப்பார்கள், ஆனால் அதைக் கோப்பில் சேமித்திருக்க மாட்டார்கள். ஒரு தோட்டத்தின் எண் மட்டும் எதற்கும் பொருந்தாமல் நின்றது. லாக்கைப் பார்த்தபோது, பக்கத்துத் தோட்டத்தின் ஒரு டிவிஷனை இதோடு சேர்த்துப் போட்டிருந்தது தெரிந்தது. சாரிடம் கேட்டதற்கு “ஒரே கிராணி, ஒரே பெரட்டு மா, எதுக்குப் பிரிக்கணும்” என்றார். கிராணி என்றால் தோட்டக் கணக்கர், பெரட்டு என்றால் காலையில் ஆள்களைக் கூட்டி எடுக்கும் வருகைக் கணக்கு. பிரித்தது ஒரு மாறியாகவும் சேர்த்தது இன்னொரு மாறியாகவும் இரண்டையுமே வைத்துவிட்டேன்.

எபி இன்ஃபோ 6 கோப்பு வந்தால்

கிளினிக், பொதுச் சுகாதார வேலைகளிலிருந்து வரும் டிஸ்கெட்டில் .ரெக் என்று முடியும் கோப்பு இருக்கும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இலவசமாகக் கொடுத்த எபி இன்ஃபோ 6இன் கோப்பு அது. இது வெறும் எழுத்துக் கோப்புதான், நோட்பேடிலேயே திறந்து பார்க்கலாம். மேலே வினாத்தாளின் அமைப்பு, கீழே பதில்கள். பதில் வரிகள் ஆச்சரியக்குறியில் முடியும். அழித்த பதிவுகள் உண்மையில் அழிந்திருக்காது, வரி முடிவில் கேள்விக்குறியோடு அங்கேயே கிடக்கும். ஆரின் ஃபாரின் தொகுப்பில் இதைப் படிக்க ரீட்-எபிஇன்ஃபோ என்ற கட்டளை இருக்கிறது. அழித்தவை வேண்டுமா வேண்டாமா என்றும் அதில் சொல்லலாம். பக்கத்தில் .க்யூஇஎஸ், .சிஎச்கே கோப்புகள் இருந்தால் விடாதீர்கள். முதலாவது வினாத்தாள், இரண்டாவது எந்த எண்ணை அனுமதித்தார்கள் என்ற விதிகள்.

இதில் ஒரே பொறி ஆண்டு. இரண்டு இலக்க ஆண்டை ஆரிடம் தேதியாக்கச் சொன்னால், 69 முதல் 99 வரை 1900களிலும், 00 முதல் 68 வரை 2000களிலும் போய் விழும். 45இல் பிறந்த நோயாளி 2045இல் பிறந்தவராவார். கோலாலம்பூர் கிளினிக் ஒன்றின் இரத்த அழுத்தப் பதிவை மாற்றியபோது வயதானவர்கள் எல்லாருக்கும் வயது எதிர்மறையாக வந்தது. மாற்றியதும் பிறந்த ஆண்டு, பரிசோதனை ஆண்டைத் தாண்டுகிறதா என்று பார்த்து, தாண்டினால் 100 ஆண்டைக் கழித்துவிடுங்கள்.

எதை எப்படிக் கொடுப்பது

மாணவியிடம் நான் கொடுத்த உறையில் இருந்தவை: டிஸ்கெட் பிம்பங்கள், தொடாத மூலக் கோப்புகள், .சாவ் கோப்பு, யூடிஎஃப்-8இல் எழுதிய ஒரு சிஎஸ்வி, குறியீட்டுப் புத்தகத்தின் தட்டச்சுப் பிரதி, சாரின் விளக்கக் குறிப்பு, ஒவ்வொரு மாற்றத்தையும் செய்த ஆர் நிரல். எந்த மாற்றத்தையும் கையால் செய்யாமல் நிரலில் எழுதிச் செய்வது முக்கியம். நாளைக்கு யாராவது 8ஐ ஏன் விலக்கினீர்கள் என்று கேட்டால் அந்த வரியைக் காட்டலாம். மாறிகளின் பழைய பெயர்களையும் மாற்றாதீர்கள். புரிகிற பெயர் வேண்டுமென்றால் விளக்கமாகச் சேருங்கள். பழைய கட்டுரையைப் படிப்பவர் பழைய பெயரைத்தான் தேடுவார்.

மாணவிக்குக் கொடுத்ததில் ஐசி எண் இல்லை. அந்தக் கோப்பு கடவுச்சொல்லோடு சாரிடம் இருக்கிறது, கடவுச்சொல்லை அவர் மகள் எழுதி வைத்திருக்கிறார். டிஸ்கெட்டுகளைத் தூக்கிப் போடலாமா என்று சாரின் மனைவி கேட்டார். பிம்பங்கள் இரண்டு வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன, திறந்தும் பார்த்தாயிற்று, போடலாம் என்றேன். சார் வேண்டாம் என்றார்.